கடலுக்குப் போகும் பேட்டரி

திருச்சியில் கடல் இல்லை. ஆனாலும் தில்லை நகர் பக்கம் பேட்டரி தொழிலில் இருப்பவர்களுக்குப் படகுக்காரர்கள் புதியவர்கள் இல்லை. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று கடலோர ஊர்களிலிருந்து அம்மாவுக்குக் கண் பார்க்க, அப்பாவுக்கு ஸ்கேன் எடுக்க என்று இங்கே வருகிறார்கள். டோக்கன் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் சாஸ்திரி ரோட்டில் நாலு கடை ஏறி இறங்குவார்கள். அப்படி வருகிற தம்பிகள் கேட்பது அநேகமாக இதுதான்: “அண்ணே, ஃபைபர் போட்டுக்கு எந்த பேட்டரி நல்லாருக்கும்? வாங்கினது ஒரு வருஷம்கூட முழுசா வரலைண்ணே.”

நின்ற இடத்தில் பதில் சொல்கிற கேள்வி இல்லை இது. இரண்டு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்து பேச வேண்டும். அப்படி உட்கார்ந்ததும் நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: “கரைக்கு வந்ததும் சார்ஜ் எங்க போடுறீங்க தம்பி, எப்பப் போடுறீங்க?”

“லைட்டு மங்குனா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவோம்ணே. ரெண்டு மூணு நாள் ஓடும்ல?”

அந்த ஒரு வருஷக் கணக்கின் காரணம் இந்தப் பதிலுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள பேட்டரியின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

நாம் சாதாரணமாக வாங்குவது ஈய பேட்டரி. 1859-இல் கஸ்டோன் பிளான்டே என்ற பிரெஞ்சுக்காரர் செய்தது. அடிப்படை இன்றுவரை மாறவில்லை. 12 வோல்ட் பெட்டிக்குள் ஆறு அறைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 வோல்ட். ஒவ்வொரு அறையிலும் ஒரு பக்கம் ஈயத் தகடு, மறுபக்கம் ஈய ஆக்சைடு பூசிய தகடு, நடுவே தண்ணீர் கலந்த சல்ஃபியூரிக் ஆசிட். விளக்கு எரியும்போது ஆசிட்டில் இருக்கும் சல்ஃபேட் இரண்டு தகடுகளிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. ஆசிட் நீர்த்துப்போகிறது. சார்ஜ் போடும்போது அந்த சல்ஃபேட் தகட்டை விட்டு மறுபடி ஆசிட்டுக்குத் திரும்புகிறது.

சல்ஃபேட் ஒட்டிய சூட்டோடு சார்ஜ் போட்டால் அது மெல்லிய துகளாக இருக்கும், முழுதும் கரைந்து திரும்பிவிடும். இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டால் துகள்கள் சேர்ந்து கெட்டிப் படிகமாகிவிடும். அப்புறம் எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் அந்த இடத்துத் தகடு திரும்பி வராது. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் தகடு இப்படிப் போகிறது. நூறு ஏ.எச். (ஆம்பியர்-ஹவர்) என்று வாங்கியது எண்பதாகி, ஐம்பதாகி, கடைசியில் அரை ராத்திரிக்குக்கூட வராமல் நின்றுவிடுகிறது. கம்பெனி மோசம் என்று பெயர் வருகிறது. பாதி காலியாக வந்து இரண்டு நாள் சும்மா கிடந்ததுதான் அதைக் கெடுத்தது.

ஆகவே முதல் விதி: மீன் இறக்கிய அன்றே சார்ஜ். நாலைந்து மணி நேரத்தில் பெரும்பகுதி ஏறிவிடும் என்றாலும், கடைசிப் பங்கு மெதுவாகத்தான் ஏறும். அந்தக் கடைசிப் பங்கை விட்டுவிட்டு எடுத்தாலும் மேலே சொன்ன கதைதான். நூறு ஏ.எச். பேட்டரியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் செலவழித்திருந்தால், 10 ஆம்பியர் சார்ஜரில் 6 முதல் 8 மணி நேரம் தாராளமாக விட வேண்டும்.

அடுத்தது எந்த ரகம் என்பது. லாரி பேட்டரியோ கார் பேட்டரியோ பழையது கிடைத்தால் போட்டுக்கொள்வது கடலோரத்தில் வழக்கமாக இருக்கிறது. அது செல்ஃப் ஸ்டார்ட்டுக்காகச் செய்தது. மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும்; சில விநாடி நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுத்துவிட்டு, உடனே டைனமோ தருவதை வாங்கி நிரம்பிவிடும். ஒரே மூச்சில் மூட்டையைத் தூக்கி லாரியில் எறிகிறவரை நாள் முழுக்க ஏர் ஓட்டச் சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் ராத்திரி முழுக்க விளக்கெரிக்க அதை வைப்பதும். பாதிக்கு மேல் சில பத்து முறை காலியாக்கினாலே தகட்டு மாவு உதிரத் தொடங்கிவிடும். கையால் சுற்றியோ கயிறு இழுத்தோ ஸ்டார்ட் செய்கிற சின்ன ஃபைபர் படகுக்கு ஸ்டார்ட்டிங் பேட்டரியால் ஒரு வேலையும் இல்லை.

மெதுவாக, நீண்ட நேரம் கொடுப்பதற்கென்று கெட்டித் தகடு வைத்துச் செய்தவை வேறு. நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் டியூபுலர் அந்த ஜாதி. “அப்ப அதையே வாங்கிக்கலாமேண்ணே” என்பார்கள். வீட்டு டியூபுலர் உயரமானது, கனமானது, மேலே மூடி திறந்து தண்ணீர் ஊற்றுவது. அலையில் படகு சாயும்போது ஆசிட் சிந்தும். சிந்திய ஆசிட் பலகையை அரிக்கும், வலையை அரிக்கும், காலைப் பொத்தலாக்கும். சின்னத் திறந்த படகுக்கு ஏற்றது மூடிய ரகம்: சோலார் தெருவிளக்குகளுக்கு வரும் டியூபுலர் ஜெல், அல்லது எஸ்.எம்.எஃப். என்று சொல்லும் சீல் செய்த பேட்டரி. எஸ்.எம்.எஃப். வாங்கும்போது யு.பி.எஸ்.-க்கு மட்டும் உரியதா, தினசரி சார்ஜ், டிஸ்சார்ஜுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்க வேண்டும். இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்று போலவே இருக்கும்.

எவ்வளவு பெரியது என்ற கேள்விக்குக் கடைக்காரர் பதில் சொல்லக் கூடாது, உங்கள் படகு சொல்ல வேண்டும். ஒரு ராத்திரிக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆழம் காட்டும் எக்கோவும் ஜி.பி.எஸ்.-உம் சேர்ந்த கருவி 12 வாட் என்றால் 12 மணி நேரத்துக்கு 144 வாட்-ஹவர். எல்.இ.டி. விளக்குகள் இரண்டும் சேர்த்து 20 வாட், 10 மணி நேரத்துக்கு 200. வயர்லெஸ் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும்போது 5 வாட், 12 மணிக்கு 60. பேசும்போது 60 வாட் இழுக்கும், பேசுவதெல்லாம் கூட்டினால் அரை மணி என்று வைத்தால் 30. இரண்டு செல்போனுக்கு 30. மொத்தம் 464 வாட்-ஹவர். இதை 12-ஆல் வகுத்தால் 39 ஏ.எச்.-க்குச் சற்றுக் கீழே. ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்பதால் இரண்டால் பெருக்கினால் 78. பேட்டரிக்கு வயதாகும், ஒரு நாள் கூடுதலாகக் கடலில் நிற்க நேரும் என்று சேர்த்துக்கொண்டால் 100 ஏ.எச்.

பெட்டியில் எழுதியிருக்கும் 100 என்பதை எந்த வேகத்தில் அளந்தார்கள் என்றும் பாருங்கள். சி20 என்றிருந்தால் 20 மணி நேரம் 5 ஆம்பியர் கொடுத்து அளந்தது. வேகமாக இழுத்தால் அவ்வளவு வராது. தயாரித்த மாதத்தையும் கேளுங்கள். கடையில் ஆறு மாதம் தூங்கிய புதுப் பேட்டரி, பாதி நோயாளியாகத்தான் வீட்டுக்கு வரும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த நூறையும் ஒரே பெட்டியாக வாங்காதீர்கள், இரண்டு ஐம்பதாக வாங்குங்கள். மேலே போட்ட கணக்கையே பிரித்துப் பாருங்கள்: விளக்கும் செல்போனும் 230, ஜி.பி.எஸ்.-உம் வயர்லெஸ்ஸும் 234. கிட்டத்தட்ட சரிபாதி. ஒரு பேட்டரி விளக்குக்கு, மற்றது வயர்லெஸ்ஸுக்கும் ஜி.பி.எஸ்.-க்கும். இரண்டையும் வயரால் சேர்த்துவிடக் கூடாது. வலை இழுக்கிற மும்முரத்தில் விளக்கு அதிக நேரம் எரிந்து ஒரு பேட்டரி விழுந்தாலும், கரையைக் கூப்பிடுகிற பேட்டரி நிற்கும்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது, ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி சொல்ல வழியில்லாமல் போனதை நாம் பார்த்தோம். போனவர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் படகுகளில் தகவல் கருவி என்ற பேச்சு வேகம் பிடித்தது. இன்று இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டரை அரசே படகுகளுக்கு இலவசமாகப் பொருத்துகிறது. ஒரு லட்சம் படகுகள் என்ற தேசியத் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. எந்தக் கருவி வந்தாலும் அதற்கு உயிர் கொடுப்பது காலுக்கடியில் இருக்கும் 12 வோல்ட் பெட்டிதான். வி.எச்.எஃப். 16-ஆம் சேனலில் கூப்பிடவோ, சிக்னல் எட்டும் தூரத்தில் கடலோரக் காவல்படையின் 1554-ஐயோ தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-ஐயோ அழைக்கவோ, அந்தப் பெட்டியில் மின்சாரம் மிச்சம் இருக்க வேண்டும். ஆகவே பேட்டரியை வலை, டீசல் போல ஒரு செலவாக மட்டும் எழுதாதீர்கள்.

இப்போது எல்லோரும் கேட்பது லித்தியம். படகுக்கு உகந்தது எல்.எஃப்.பி. என்கிற லித்தியம் இரும்பு பாஸ்பேட் ரகம். செல்போனில் இருக்கும் ரகத்தைவிட எளிதில் தீப்பற்றாது. இதன் பின்னால் நம்மவர் ஒருவரின் உழைப்பும் உண்டு. தென் தமிழகத்தின் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து மதுரையில் படித்த ஆறுமுகம் மந்திரம், 1980-களில் விஞ்ஞானி ஜான் குட்இனஃபுடன் சேர்ந்து ஒரு புதிய வகை மின்முனைப் பொருள்களைக் கண்டார். எல்.எஃப்.பி. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. 2019-இல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரையாற்றியவரும் மந்திரம்தான். பேட்டரி ஆராய்ச்சி நமக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், ஈயத்திலும் லித்தியத்திலும் வேலை செய்கிற இடம்.

லித்தியத்தின் பலம் என்ன? எண்பது சதவீதம் வரை தைரியமாகச் செலவழிக்கலாம். நம் கணக்குக்கு 60 ஏ.எச். போதும். 30 கிலோவுக்கு மேல் தூக்கிச் சுமந்த இடத்தில் எட்டுக் கிலோ அளவில் முடிந்துவிடும். பாதி காலியாக இரண்டு நாள் கிடந்தாலும் சல்ஃபேட் தொல்லை இல்லை. ஈயம் சில நூறு தடவை சார்ஜ் தாங்கும் இடத்தில், நல்ல கம்பெனி எல்.எஃப்.பி. இரண்டாயிரத்துக்கு மேல் தாங்கும்.

அதற்குரிய கவனமும் வேண்டும். முதலாவது, ஈய பேட்டரி சாகும் முன் விளக்கு மங்கும், உங்களுக்குத் தெரியும். லித்தியம் கடைசிவரை ஒரே வெளிச்சம் கொடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். என்ற பாதுகாப்பு சர்க்கியூட் ஒரே நொடியில் கட் செய்துவிடும். வோல்ட் மீட்டரைப் பார்த்தும் எவ்வளவு மிச்சம் என்று கண்டுபிடிக்க முடியாது. சதவீதம் காட்டும் மீட்டர் சேர்த்து வாங்குங்கள்; வயர்லெஸ்ஸுக்குத் தனி பேட்டரி என்ற விதியை லித்தியத்திலும் விடாதீர்கள். இரண்டாவது, அதற்கென்று சொன்ன சார்ஜரில்தான் போட வேண்டும். மூன்றாவது, பழைய செல்களைப் பொறுக்கிப் புதுப் பெட்டியில் அடைத்து விற்பது நடக்கிறது. பில், வாரண்டி, உப்புத் தண்ணீர் உள்ளே போகாத பெட்டி, இந்த மூன்றும் இல்லாத லித்தியத்துக்கு நல்ல ஈய பேட்டரியே மேல்.

பராமரிப்புக்கு வருவோம். படகில் பேட்டரியை முதலில் அரிப்பது உப்பு. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் பொடியைப் பார்த்திருப்பீர்கள். அதை விரலால் தட்டிவிட்டுக் கிளம்பினால் அன்று ஓடும். நடுக்கடலில் வயர்லெஸ் பேசும்போது அறுந்துபோகும். சரியான வேலை பத்து நிமிடம்தான். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் கழற்றுங்கள். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் துணியில் நனைத்துத் துடையுங்கள்; பொங்கும், பொங்கி அடங்கட்டும். மூடித் துளை வழியே அந்தத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. நல்ல தண்ணீரில் துடைத்து, காயவைத்து, பிரஷ்ஷால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். கிளாம்பை இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். தடவிவிட்டு இறுக்குவது முறை அல்ல; உலோகத்தோடு உலோகம் ஒட்டிய பிறகுதான் வாஸ்லின்.

வயர் அடுத்தது. பேட்டரியிலிருந்து வயர்லெஸ் இருக்கும் இடத்துக்கு ஆறு மீட்டர் என்றால் போக வர 12 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 5 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 0.7 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.3-க்கும் கீழ். “கேக்குது, ஆனா நாம பேசுறது எட்ட மாட்டேங்குது” என்ற புகார் பல படகுகளில் வயரோடு முடிந்துவிடும். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் உப்புக்கு நன்றாக நிற்கும். பேட்டரி பாசிட்டிவை ஒட்டியே ஃபியூஸ் இருக்கட்டும்.

மூடி திறக்கும் ரகம் வைத்திருப்பவர்கள் ஆசிட்டின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சார்ஜ் முடிந்து ஆறிய பிறகு, ரப்பர் குமிழை அமுக்கிக் குழாயை முதல் அறைக்குள் நுழைத்து, குமிழை மெல்ல விடுங்கள். ஆசிட் ஏறும், உள்ளே இருக்கும் மிதவை எழுந்து நிற்கும். மிதவை கண்ணாடிச் சுவரில் ஒட்டாமல் நிற்கட்டும். கண்ணை ஆசிட் மட்டத்துக்குத் தாழ்த்திப் படியுங்கள். இன்வெர்ட்டர் டியூபுலர் என்றால் 1.240 பக்கம் இருக்க வேண்டும். கடையில் 1240 என்பார்கள். ஆறு அறைகளையும் பாருங்கள். ஐந்து அறை 1230 காட்டி ஒன்று மட்டும் 1150 காட்டினால், அந்த அறைதான் மற்ற ஐந்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. வாரண்டி இருந்தால் அன்றே கடைக்குக் கொண்டு போங்கள்.

தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். காவிரித் தண்ணீர் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் அதில் சுண்ணாம்பும் உப்பும் உண்டு. கடலோரக் கிணற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆசிட் ஊற்றவே கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர்தான். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பொறிபட்டால் வெடிக்கும். அதனால் வீட்டுக்குள், படுக்கிற அறையில் சார்ஜ் போடாதீர்கள். படகில் வைக்கும் பெட்டியின் மேல்பக்கம் துளை இருக்கட்டும். பெட்டி தரையிலிருந்து உயர்ந்து, பெல்ட்டால் கட்டியிருக்க வேண்டும். கடல் தண்ணீர் ஆசிட்டில் கலந்தால் குளோரின் என்ற விஷ வாயு வரும். அந்தக் காலத்து நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகள் பயந்தது இதற்குத்தான்.

சீல் செய்த ரகத்துக்கு ஹைட்ரோமீட்டர் கிடையாது. ஒரு மல்ட்டிமீட்டர் போதும். சார்ஜரையும் விளக்கையும் கழற்றிச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். 12.7 பக்கம் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 பாதி, 12-க்குக் கீழே போனால் உடனே சார்ஜ் வேண்டும்.

வெயிலையும் மறக்காதீர்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. மணலில் ஏற்றிய படகில் வெயிலில் காயவிடாமல் நிழலுக்கு எடுத்துவாருங்கள். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லாவிட்டாலும், ஐப்பசி கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் வாரக்கணக்கில் கரைதான். சும்மா கிடந்தாலும் பேட்டரி தானாக இறங்கும். ஈயத்தை முழுக்க நிரப்பி வைத்து, மாதம் ஒரு முறை மறுபடி நிரப்புங்கள். லித்தியத்தைப் பாதி அளவில் வையுங்கள்.

தேய்ந்துபோன பேட்டரியைக் கடற்கரையில் உடைத்து ஆசிட்டைக் கொட்டுவது நாம் சாப்பிடும் மீனிலேயே விஷம் கலப்பது. எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் ஈயத்துக்கு விலை கிடைக்கும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு.

இவ்வளவும் கேட்டபின் தம்பி கேட்பார்: “சரிண்ணே, ஈயமா லித்தியமா?” பதில் முதலில் கேட்ட கேள்வியைப் பொறுத்தது. வீடு கரைக்குப் பக்கம், கரண்ட் நிலையாக இருக்கிறது, வந்த அன்றே சார்ஜில் போட ஆள் இருக்கிறது என்றால் சீல் செய்த ஈய பேட்டரி இரண்டு போதும்; மிச்சப் பணத்துக்கு நல்ல சார்ஜரும் தடித்த வயரும் வாங்குங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று நாள் கடலில் நிற்கிறீர்கள் என்றால், படகிலேயே 150 வாட் சோலார் பேனலும் கன்ட்ரோலரும் வையுங்கள். வெயில் நன்றாக அடிக்கும் நாளில் அது அன்றைய செலவை ஈடுகட்டும். வந்த அன்று சார்ஜ் போட எந்த வழியும் இல்லை, பேனலுக்கும் இடம் இல்லை என்றால், கடன் வாங்கியாவது விளக்குக்கு லித்தியம் போடுங்கள்.

கடைக்குப் போகும் முன் ஒரு சின்ன நோட்டு போடுங்கள். கிளம்பும்போது எத்தனை வோல்ட், திரும்பியதும் எத்தனை, எத்தனை மணிக்கு சார்ஜில் போட்டது, எத்தனை மணிக்கு எடுத்தது. பத்து ராத்திரிக் கணக்கு கையில் இருந்தால் எந்தக் கடைக்காரரும் உங்களுக்குத் தேவைக்கு மேல் விற்க முடியாது, தேவைக்குக் குறைவாகவும் தள்ள முடியாது.